மூப்பும் பிணியும்: சவ்வாது மலையை முன்வைத்து ஒரு வரையறை ஆராய்ச்சி

மூப்பு என்பது இயல்பா, பிணியா என்னும் வினா மருத்துவர்க்கே உரியது என்று கருதுவார் உளர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. ஒன்றை வரையறுத்தலும், வரையறுத்தவற்றை வகைப்படுத்தலும் சொல்லின் வழியாகவே நிகழ்வன. ஒரு மொழியில் இயல்புக்கு ஒரு சொல்லும் பிணிக்கு மற்றொரு சொல்லும் வேறு வேறாக அமைந்திருப்பின், அம்மொழி பேசுவோர் அவ்விரண்டனையும் வேறுபடுத்திக் காண்பர். ஒரே சொல்லே இரண்டனையும் தழுவி நிற்குமாயின், தீர்க்கத்தக்க பிணியும் இயல்பென்று விடப்படும். இவ்வுண்மையைத் தமிழ்நூற் சான்றுகளாலும், மருத்துவ வகைப்பாட்டின் வரலாற்றாலும் நிறுவி, அது சவ்வாது மலை வாழ் முதியோர்க்கு எங்ஙனம் பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய சவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூறும் சேயாறு, இன்று செய்யாறு என வழங்கப்பெறுவது, இம்மலையில் தோன்றுவதே. அப்பாட்டின் தலைவனாகிய நன்னனது செங்கண்மா, இன்று செங்கம் எனப்படும் ஊர், இதன் அடிவாரத்தை அடுத்தது. அதியமான் நெடுமானஞ்சியின் தகடூரும் இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. இம்மலையில் மிகுதியாக வாழ்பவர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இவர் கேரளத்தவரின் வேறானவர், தமிழ் பேசுவோர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்று சொல்லிவருபவர். சாமை முதலிய சிறுதானியங்களைப் பயிரிடுதலும், புளி, கடுக்காய், தேன் முதலியவற்றைத் திரட்டுதலும் இவர்தம் தொழில்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் அறுபது நிரம்பியவரை மூத்த குடிமகன் என்கின்றது. ஆனால் பிறந்த ஆண்டைப் பதிவேட்டால் அறியாமல், ஒரு பஞ்சத்தையோ ஒரு திருமணத்தையோ கொண்டு அகவை கணிக்கும் முதியோர் மலையூர்களில் உண்டு. அவர்க்கு மூப்பு என்பது எண் அன்று; செய்யும் தொழிலால் அறியப்படுவது. சுமை தூக்க இயலாமையும், மேடேற இயலாமையும், ஊசியில் நூல் கோக்க இயலாமையுமே அவர்தம் அளவைகள். ஆகவே, இன்ன அகவைக்கு மேல் வருவன மூப்பு நோய்கள் என்னும் எளிய வரையறை ஈண்டுப் பயன்படாது என்பதை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

சொல் வரலாறு

மூப்பு என்னும் சொல் அகவை முதிர்ச்சியைக் குறிப்பதோடு தலைமையையும் குறிக்கும். மூப்பன் என்பது முதியோனையும் தலைவனையும் ஒருங்கே சுட்டுவது. கிழவன் என்னும் சொல்லின் வரலாறு இன்னும் தெளிவானது. தொல்காப்பியர் அகத்திணைத் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் வழங்குவர். ஈண்டுக் கிழமை என்பது உரிமை, கிழவன் உரிமையுடையோன். அச்சொல்லே பிற்காலத்தில் முதியவனைச் சுட்டலாயிற்று. அதன் பின்னர்க் கிழம் என்று இழிவழக்காகவும் தேய்ந்தது. உரிமையைச் சுட்டிய சொல் இயலாமையைச் சுட்டும் சொல்லாக இழிந்த இவ்வரலாறு, முதியோரைச் சமுதாயம் நோக்கிய நோக்கின் மாற்றத்தையும் ஒருவாறு காட்டுவதாகும்.

சங்கப் புலவர் மூப்பின் உடற்குறிகளை நுட்பமாகக் கண்டவர். புறநானூற்று 243-ஆம் பாட்டில் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். அவர் கையில் பூண் கட்டிய தடி, உடலில் நடுக்கம், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இருமல். அப்பாட்டின் தொடரே ஆசிரியர்க்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயராயிற்று. பிசிராந்தையாரோ, ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவப்பட்டபோது (புறம். 191) மருந்தெதனையும் கூறினாரல்லர். மாண்ட மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்தொழுகும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், சான்றோர் வாழும் ஊர் என்பனவற்றையே கூறினார். மூப்பின் விரைவும் தளர்வும் உடலை மட்டும் சார்ந்தன அல்ல. வாழும் சூழலையும் சார்ந்தன என்னும் கருத்து இதனாற் புலனாகும். அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த செய்தி (புறம். 91), நெடுவாழ்வு தரும் பொருள்களைத் தேடும் வேட்கை அன்றே இருந்ததைக் காட்டும்.

மணிமேகலையின் வரையறை

மேற்கூறியன மூப்பைப் பற்றிய காட்சிகள். வரையறை என்று சொல்லத்தக்கது மணிமேகலையுள் கிடைக்கின்றது. அந்நூலின் இறுதிக் காதையில், காஞ்சியின்கண் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரு சார்புகளை விளக்குகின்றார். அவ்விடத்துப் பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய மூன்றற்கும் தனித்தனியே இலக்கணம் கூறப்படுகின்றது. உடம்பு தன் இயற்கையினின்று திரிந்து துன்புறுதல் பிணி என்றும், இறுதி வரையிலும் வந்து தாக்கும் நிலைமையால் உடம்பு தளர்தல் மூப்பு என்றும் அடிகள் பிரித்துரைக்கின்றார்.

இவ்விரு வரையறைகளின் வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிணியின் இலக்கணம் திரிபு; மூப்பின் இலக்கணம் தளர்வு. திரிந்ததனை மீண்டும் இயற்கைக்குக் கொணர முயலலாம். தளர்ந்ததனைத் தாங்குதலே செய்யலாம். எனவே முன்னதற்கு மருத்துவமும் பின்னதற்குத் துணையும் உரியனவாகின்றன. நோயையும் அதன் முதலையும் அது தணிக்கும் வாயையும் நாடுக என்னும் வள்ளுவர் நெறி (குறள் 948) பிணிக்கே முழுமையாகப் பொருந்தும். ஒரு முதியவரின் துன்பம் திரிபா தளர்வா என்று அறியாதார் அந்நாட்டத்தைத் தொடங்கவே மாட்டார்.

சித்த மருத்துவப் பாகுபாடு

சித்த மருத்துவம் நோய்கள் 4448 எனத் தொகை கூறும். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றன் மிகையும் குறையுமே அவற்றின் அடிப்படை. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை மட்டும் எண்பதாக வகுக்கின்றது. வாழ்நாளை நூறாகக் கொண்டு மூன்று கூறாக்கி, முதற்கூற்றில் வாதமும் இடைக்கூற்றில் பித்தமும் கடைக்கூற்றில் ஐயமும் மேலோங்கும் என்பது சித்த மருத்துவ மரபு. ஆயுர்வேதமோ இதற்கு மறுதலையாக, இளமைக்கு ஐயத்தையும் முதுமைக்கு வாதத்தையும் உரித்தாக்கும். ஐயத்தை முதன்மையாகக் கொள்வார் முதியோரிடம் இருமலையும் இரைப்பையும் முதலிற் காண்பர். வாதத்தை முதன்மையாகக் கொள்வார் நடுக்கத்தையும் மூட்டு நோவையும் முதலிற் காண்பர். புறநானூற்று முதியவரிடம் இவ்விரு குறிகளும் ஒருங்கே நிற்றல் நோக்கத்தக்கது. பகுப்பு எதுவோ அதற்கேற்பவே காட்சியும் அமையும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

சித்தர்தம் காயகற்ப முறை நரை, திரை, மூப்பு, பிணி, சாக்காடு ஆகியவற்றை வெல்ல முயல்வது. சவ்வாது மலையில் விளையும் கடுக்காயும் நெல்லியும் அம்முறையில் உயர்வாகப் பேசப்படுவன. மூப்பை வெல்லக் கருதிய சித்தரும் தம் வரிசையில் மூப்பையும் பிணியையும் ஒன்றாக்கினாரல்லர். தனித்தனியே எண்ணினர் என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

மேலை நாட்டு வகைப்பாட்டின் வரலாறு

மேலை நாட்டிலும் இவ்வழக்கு நெடுநாள் நீடித்தது. கிரேக்க மருத்துவர் காலேன் மூப்பை இயற்கையின்பாற் படுத்துப் பிணியினின்று விலக்கினார். 1903-இல் முதுமையியல் என்னும் துறைக்குப் பெயரிட்ட மெச்னிக்காவ் மூப்பை ஒரு நோய்நிலையாகவே கருதினார். 1909-இல் முதியோர் மருத்துவம் என்னும் துறைக்குப் பெயரிட்ட நாசர், குழந்தைப் பருவம் போல முதுமையும் தனக்கென இயல்புடைய ஒரு பருவம் என்றார். ஆறாண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு கொள்கைகளும் இன்றுவரை ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன.

இவ்வெதிர்ப்பால் விளைந்த தீங்கிற்கு மறதிநோயின் வரலாறே சிறந்த எடுத்துக்காட்டு. 1906-இல் அலாய்சு ஆல்சைமர், ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களை விளக்கினார். 1910-இல் கிரெப்பெலின் அதற்கு ஆல்சைமர் நோய் என்று பெயரிட்டார். ஆயின் அப்பெயர் முதுமைக்கு முன் வரும் மறதிக்கே வழங்கியது. எண்பதில் வரும் அதே மறதி மூப்பின் இயல்பென்று ஒதுக்கப்பட்டது. இரண்டும் ஒரே நோய் என்று 1976-இல் ராபர்ட்டு காட்சுமன் வலியுறுத்திய பின்னரே முதியோரின் மறதி ஆராய்ச்சிக்குரிய நோயாக மதிக்கப்படலாயிற்று. ஒரு வரையறையின் எல்லை அறுபதாண்டுக்கு மேல் எண்ணற்ற முதியோரை மருத்துவத்தின் வாயிற்புறத்தே நிறுத்திவிட்டது.

உலக நோய் வகைப்பாடு 1893-இல் பெர்டிலான் வகுத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. முதுமைத் தளர்ச்சி என்னும் தலைப்பு அதில் நெடுங்காலம் இடம்பெற்றது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தில், அத்தலைப்பு வெறும் முதுமை என்று அமையவிருந்தது. முதுமையே இறப்புக்குக் காரணம் என்று எழுதிவிட்டால் உண்மை நோய் மறையும் என்று அறிஞரும் முதியோர் அமைப்பினரும் மறுத்தனர். உலக நலவாழ்வு நிறுவனம் அத்தொடரை நீக்கி, மூப்பைச் சார்ந்த உள்ளார்ந்த ஆற்றற் குறைவு என்னும் பொருள்பட மாற்றியது. மூப்பைத் தளர்வு என்ற அறவண அடிகளின் வரையறைக்கு இது மிக அணித்தாக வருதல் காண்க.

மறுத்தாரின் அச்சம் வெற்றச்சம் அன்று. இந்திய ஊரகங்களில் 1960-களில் தொடங்கி 1990-களின் இறுதிவரை நடந்த இறப்புக் காரணக் கணக்கெடுப்பில், முதுமை என்னும் தலைப்பே பெரும்பங்கைக் கொண்டிருந்தது. நெஞ்சடைப்பும் புற்றும் காசமும் அத்தலைப்பின் கீழ் எத்துணை மறைந்தன என்று இன்று பிரித்தறிய வழியில்லை.

அகவையைக் கொண்டே நோய்களைக் கணக்கால் வரையறுக்கும் முயற்சியும் உண்டு. 2019-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று 293 நோய்களை எடுத்துக்கொண்டு, அகவை ஏற ஏற விரைந்து பெருகுவன 92 என்று கண்டது. உலகச் சராசரியில் 65 அகவையினர் தாங்கும் அந்நோய்ச் சுமையைச் சப்பானியர் 76 அகவையிலும் பாப்புவா நியூகினியினர் 46 அகவையிலும் தாங்குகின்றனர் என்பதும் அதன் முடிபு. பிசிராந்தையார் சூழலைக் காரணமாகக் காட்டியது வெறும் புலமைக் கூற்றன்று என்பது இதனாற் பெறப்படும்.

வேலூர் தந்த சான்று

வரையறை மாறினால் நோயாளரின் தொகையே மாறும் என்பதற்குச் சவ்வாது மலையின் வடபுற அடிவாரத்தை நோக்கிய பகுதியிலேயே சான்று உண்டு. மறதிநோயாளருள் மூன்றில் இருவர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கும் அந்நாடுகளைப் பற்றியதாக இல்லை என்னும் குறையை நீக்க, 1998-இல் பத்து-அறுபத்தாறு என்னும் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. இந்தியாவில் அக்குழு நகரத்திற்குச் சென்னையையும் ஊரகத்திற்கு வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தையும் தேர்ந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஊரக ஆய்வை நடத்தினர்.

ஏழு நாடுகளில் பதினோர் இடங்களில் 65 அகவைக்கு மேற்பட்ட ஏறத்தாழ 15,000 பேரை ஆராய்ந்த முடிபு 2008-இல் வெளிவந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994-ஆம் ஆண்டு வரையறையைக் கொண்டு அளந்தபோது, இந்திய ஊரகத்தில் மறதிநோயர் நூற்றுக்கு 0.3 பேரே, கியூபாவில் 6.3 பேர். குழுவினர் தாம் வகுத்த வரையறையைக் கொண்டு அளந்தபோது, எல்லா இடங்களிலும் அத்தொகை 5.6 முதல் 11.7 வரை அமைந்தது. முதியோர் மாறவில்லை, ஊர் மாறவில்லை, அளவுகோல் ஒன்றே மாறியது.

இதன் காரணம் ஆராயத்தக்கது. முன்னைய வரையறை, மறதியால் அன்றாடத் தொழில் கெட்டிருத்தல் வேண்டும் என்றது. நம் ஊர்களில் முதியவரின் பொறுப்பைப் பிள்ளையும் மருமகளும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்வர். கணக்குப் பார்க்கும் வேலை அவரிடம் இல்லை. அடுப்படியும் அவருக்கு உரியதன்று. ஆகவே அவர் எதிலும் தவறினார் என்று வீட்டார் சொல்வதில்லை. அன்பே நோயை மறைத்துவிடுகின்றது. குழுவின் வரையறை மிகுத்துக் காட்டும் என்று ஐயுறுவாரும் உளர். ஆயினும் 2023-இல் வெளிவந்த அனைத்திந்திய ஆய்வு, அறுபது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடையார் என்று மதிப்பிட்டுள்ளது. 0.3 என்பது உண்மைக்கு மிகச் சேய்மைத்து என்பது இதனால் தெளிவு.

கண்ணுக்கு இரு சொல், நினைவுக்கு ஒரு சொல்

இவ்விடத்துத் தமிழ்மொழியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாற்பதை ஒட்டி அண்மைப் பார்வை குறைதலை வெள்ளெழுத்து என்கின்றோம். சாளேசரம் என்பதும் அதுவே. கருவிழிக்குப் பின்னே ஒளி மழுங்குதலைப் புரை என்கின்றோம். முன்னது இயல்பு, பின்னது பிணி. முன்னதற்குக் கண்ணாடி, பின்னதற்கு அறுவை. கண்ணோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்த நாகமுனிவர் நயனவிதி போன்ற நூல்கள் எழுந்த மொழியில் இத்தகைய பகுப்பு அமைந்தது வியப்பன்று. படியாத முதியவரும் தமக்குப் புரை விழுந்திருக்கின்றது என்று சொல்லி மருத்துவரைத் தேடுவதற்கு அச்சொல்லும் ஒரு காரணமாகும்.

நினைவுக்கோ இத்தகைய இரு சொல் பொதுவழக்கில் இல்லை. சாவியை வைத்த இடம் மறத்தலும், பெற்ற மகளின் முகம் மறத்தலும் இரண்டும் மறதியே. யாழ்ப்பாணத் தமிழில் அறளை என்னும் தனிச்சொல் உண்டு. ஆயின் அறளை பெயர்ந்தவர் என்பது பெரும்பாலும் இகழ்ச்சியாகவே வழங்கும். கேரளத்தில் இந்நிலையைச் சிறுபிள்ளைத்தனம் என்னும் பொருளில் சின்னன் என்பர். அதனை நோயாகக் கொள்வதில்லை என்பது அங்கு நடந்த ஆய்வுகளிற் கண்டது. பெயரில்லாத நோய்க்கும், பழிப்பெயர் பெற்ற நோய்க்கும் மருத்துவரை நாடுவார் அரியர்.

நால்வகைப் பாகுபாடு

மேற்கண்டவற்றால் மூப்பைச் சார்ந்த நிலைகளை நான்காக வகுத்தல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

முதலாவது, மூப்பியல்பு. யாவர்க்கும் வருவது, தளர்வே இதன் இலக்கணம். நரை, திரை, வெள்ளெழுத்து ஆகியன இதன்பாற்படும்.

இரண்டாவது, மூப்புவழி நோய். அகவை ஏறுந்தோறும் பெருகுவது, ஆயினும் யாவர்க்கும் வாராதது; திரிபே இதன் இலக்கணம். கண்புரை, மறதிநோய், என்பு நொய்ம்மை என்பன இவ்வகை.

மூன்றாவது, திரண்ட நோய். இளமையிலேயே காரணம் தொடங்கி முதுமையில் வெளிப்படுவது. விறகடுப்பின் புகையையும் புகையிலையையும் பல்லாண்டு உட்கொண்டதால் வரும் நெடுநாள் இரைப்பு இதற்கு எடுத்துக்காட்டு. இதனை மூப்பின்மேல் ஏற்றுதல், அடுப்பின் குற்றத்தை அகவையின் குற்றமாக்குதலாம்.

நான்காவது, மூப்பால் முற்றும் நோய். எப்பருவத்தார்க்கும் வரக்கூடியது, முதியோர்க்கு உயிர்க்கேடாவது. சளிக்காய்ச்சலும், விழுந்து எலும்பு முறிதலும் இவ்வகையின.

இவற்றின் எல்லைகள் என்றும் ஒரே நிலையில் நில்லா என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். முதியோரின் தசைமெலிவு நெடுங்காலம் இயல்பெனப்பட்டது. 1989-இல் அதற்குத் தனிப்பெயர் தோன்றிற்று. 2016-இல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் தனியிடமும் பெற்றது. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஒரு நிலை பெயர்வது, அதனைத் தடுக்கவும் தணிக்கவும் வழி காணப்படும்போதே என்பது இதனாற் பெறப்படும் விதி.

முடிபு

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தோன்றியது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ மேற்படிப்புத் தொடங்கிற்று. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. இவை போற்றத்தக்கன. ஆயின் சமுனாமரத்தூரிலும் பீஞ்சமந்தையிலும் புதூர்நாட்டிலும் வாழும் முதியவர் ஒருவர் அவ்வாயில்களை அடையுமுன் மற்றொரு வாயிலைக் கடத்தல் வேண்டும். அது, வயதாகிவிட்டது, இனி என்ன என்னும் சொல். பல நோய்க்கு மருத்துவம் அச்சொல்லிலேயே முடிந்துவிடுகின்றது.

அவ்வாயிலைத் திறத்தல் மருத்துவர் பணி மட்டுமன்று, மொழியறிஞர் பணியுமாகும். மலைமக்கள் தம் முதியோரின் நிலைகளை எவ்வெச் சொற்களாற் குறிக்கின்றனர் என்று தொகுத்தல் வேண்டும். அவற்றுள் தளர்வைச் சுட்டுவன எவை, திரிபைச் சுட்டுவன எவை என்று பிரித்தல் வேண்டும். பழிப்பற்ற சொல்லை நோய்க்கு வழங்கல் வேண்டும். மருத்துவர் வினவும் வினாக்கள் அச்சொற்களால் அமைதல் வேண்டும். கணியம்பாடியில் அளவுகோலை மாற்றியபோது நோயாளர் கண்ணுக்குப் புலனாயினர். மலைமேல் அவ்வளவுகோல் மலைமக்களின் சொல்லாலேயே ஆதல் வேண்டும். மூப்பு வேறு, பிணி வேறு என்று காஞ்சியில் அறவண அடிகள் உரைத்ததாகக் காப்பியம் கூறும் பகுப்பு, அக்காஞ்சியினின்று வந்தோம் என்று சொல்லும் மக்களின் முதியோர்க்கு இன்று மருந்தாகும் என்பது நம் துணிபு.